அலுவலக எல்லைகளில் தேங்கும் இருட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி மன்றங்களில் குடிநீருக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது தெருவிளக்குதான். மாநகராட்சி மாமன்றமாக இருந்தாலும் பேரூராட்சி மன்றமாக இருந்தாலும், தன் வார்டில் இத்தனை விளக்குகள் எரியவில்லை என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொல்வார். இத்தனை விளக்குகள் மாற்றப்பட்டுவிட்டன என்று அதிகாரி பதில் சொல்வார். மின்கட்டணச் சுமையை இன்னொருவர் நினைவூட்டுவார். அதோடு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள். இந்தப் பேச்சில் எண்ணிக்கை வருகிறது, செலவு வருகிறது, மாலை ஏழு மணிக்குச் சாலையைக் கடக்கிறவர் மட்டும் வருவதில்லை. தெருவிளக்கை ஒரு கூட்டத்திலும் சாலைப் பாதுகாப்பை வேறொரு கூட்டத்திலும் பேசிக் கலைவது வேலூர் வட்டாரத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல என்றாலும், தேசிய நெடுஞ்சாலையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் நம் ஊரில் அதன் விளைவு கடுமையாக இருக்கிறது என்பதால், இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நான் மின்வாரியத்தில் கம்பியாளராகச் சேர்ந்து மின்பாதை ஆய்வாளராக ஓய்வுபெற்றவன்; காட்பாடியில் வசிக்கிறேன். கம்பம் ஏறிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இருட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. குடியிருப்புத் தெருக்களில் எரியாத விளக்குக்கு யாராவது குரல் கொடுப்பார்கள், கவுன்சிலரின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ அது எரிந்துவிடும். ஓர் அலுவலகத்தின் பொறுப்பு முடிந்து மற்றோர் அலுவலகத்தின் பொறுப்பு தொடங்கும் இடங்களில்தான் இருட்டு ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கிறது. நெடுஞ்சாலையின் இணைப்புச் சாலை ஊருக்குள் திரும்பும் முனை, மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் இடம், மேம்பாலத்தின் சரிவு தரையைத் தொடும் இடம், சுரங்கப்பாதையின் வாய் ஆகியவை அப்படிப்பட்டவை. வண்டிகள் வேகத்தை மாற்றுவதும், திசை திரும்புவதும், மனிதர்கள் நடந்து கடப்பதும் பெரும்பாலும் இதே இடங்களில்தான் என்பது இந்தச் சிக்கலை உயிர்ப் பிரச்சினையாக ஆக்குகிறது.

வேலூரில் இத்தகைய எல்லைகள் மிகுதி. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, பழைய எண்ணில் 46, இன்று 48, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதிலிருந்து பிரியும் சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும், சில மாநகராட்சிக்கும், சில ஊராட்சிகளுக்கும் உரியவை. ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில் ரயில்வேயும் வந்து சேர்ந்துகொள்கிறது. விளக்குக்கம்பம் பல இடங்களில் மின்வாரியத்தின் சொத்து. அதில் மாட்டப்பட்டிருக்கும் விளக்கு உள்ளாட்சியின் சொத்து. வேலூர் 2008-இல் மாநகராட்சி ஆகி, பின்னர் சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற ஊர்களையும் சேர்த்துக்கொண்டு 60 வார்டுகளாக விரிந்தபோது, வெவ்வேறு உள்ளாட்சிகள் வெவ்வேறு காலத்தில் போட்ட கம்பிகளும் பெட்டிகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதுவரை வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடியைத் தாண்டும்வரை ஒரே ஆட்சியரின் பார்வையில் இருந்த அதே நெடுஞ்சாலை, இன்று ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று ஆட்சியர்களின் கீழ், மூன்று சாலைப் பாதுகாப்புக் குழுக்களின் கீழ் வருகிறது. நிர்வாகம் மக்களுக்கு அருகில் வந்தது நல்லதே. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் லாரி ஓட்டுநருக்கு மாவட்ட எல்லை தெரியாது, சாலையின் ஓரத்தில் நிற்கும் பெண்ணுக்கும் அது உதவாது.

ஓர் இடத்தைச் சொல்கிறேன். எந்த அலுவலகத்தையும் பழிசொல்லும் நோக்கம் எனக்கு இல்லாததால் பெயரைத் தவிர்க்கிறேன். நெடுஞ்சாலையின் இணைப்புச் சாலையும் ஊருக்குள் போகும் தார்ச்சாலையும் சேரும் ஒரு முனை அது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் கம்பெனி பஸ்கள் மாலையில் அங்கே இறக்கிவிடும். பஸ் நகர்ந்ததும் அதன் முகப்பு வெளிச்சமும் போய்விடும். பெண்கள் கையிலிருக்கும் செல்போன் டார்ச்சைக் கீழே காட்டியபடி, மழைநீர் வடிகாலின் உடைந்த மூடியைச் சுற்றிக்கொண்டு, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்கள். அங்கே கம்பம் இல்லாமல் இல்லை. மூன்று கம்பங்கள் நிற்கின்றன. ஒன்றில் விளக்கின் கை மட்டும் இருக்கிறது, விளக்கு இல்லை. ஒன்றில் விளக்கு இருக்கிறது, இணைப்பு இல்லை. மூன்றாவதன் மேல் புங்கமரக் கிளை கவிந்து, எரிகிற வெளிச்சத்தை இலைகளுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்களோடு சேர்ந்து நானும் மனு கொடுத்தேன். முதல் அலுவலகம், சாலை எங்களுடையது, விளக்கு எங்களுடையது அல்ல என்றது. இரண்டாவது அலுவலகம், எங்கள் எல்லை அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது என்றது. மூன்றாவது அலுவலகம், எழுத்துப்பூர்வமான கோரிக்கையும் முன்பணமும் உள்ளாட்சியிடமிருந்து வந்தால் செய்து தருகிறோம் என்றது. மூவர் சொன்னதும் விதிப்படி சரிதான், அதுதான் வேதனை. இறுதியில் அங்கே டீக்கடை வைத்திருப்பவர், தன் கடை மீட்டரிலிருந்தே ஒரு பல்பை இழுத்துச் சாலையைப் பார்க்கத் தொங்கவிட்டார். கடை அடைக்கும்வரை அந்த முனையில் வெளிச்சம் இருக்கும். இரவுப் பணி முடிந்து வருகிறவர்களுக்கு அதுவும் கிடையாது.

விளக்கு ஏன் எரியவில்லை என்ற கேள்விக்கு மன்றங்களில் சொல்லப்படும் விடை பெரும்பாலும் ‘பல்பு போய்விட்டது’ என்பதாக இருக்கிறது. உண்மையில் எல்.இ.டி. விளக்கில் பல்பு எளிதில் போவதில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற உறுப்புதான் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் இடியிலும் முதலில் சாகிறது. அதைவிட அடிக்கடி நேர்வது கம்பிப் பழுது. நம் மின்கம்பங்களில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் ஆகியவற்றோடு தெருவிளக்குக்கென்று ஐந்தாவதாக ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பி அறுந்தாலோ, இரு கம்பிகளை இணைக்கும் ஜம்பர் கழன்றாலோ, உள்ளாட்சியின் ஒயர்மேன் அதைத் தொட முடியாது. மின்வாரியத்திடம் எல்.சி. வாங்க வேண்டும், அதாவது அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்தி அனுமதி பெற வேண்டும். மின்வாரியப் பணியாளர் வரும் நேரத்தில் உள்ளாட்சியின் ஏணி வண்டி வேறு வார்டில் இருக்கும்; ஏணி வண்டி வரும் நாளில் எல்.சி. கிடைக்காது. இரு தரப்பிலும் ஆள் பற்றாக்குறை இருப்பதை நான் நன்றாக அறிவேன், என் பழைய தோழர்கள் மழையிலும் கம்பத்தில் நிற்பவர்கள். குறை அவர்களுடையது அல்ல. இரண்டு தரப்பும் வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து ஒரே பகுதிக்குப் போவது என்று ஓர் ஏற்பாடு செய்தாலே, மாதக்கணக்கில் கிடக்கும் பழுதுகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். இதற்குப் புதிய நிதி வேண்டியதில்லை, இரண்டு அலுவலர்கள் ஒரு நாட்காட்டியில் கையெழுத்திட்டால் போதும்.

விளக்கு எரியும் நேரம் குறித்தும் சொல்ல வேண்டும். வேலூரில் ஆனி மாதத்தில் மாலை ஆறரை மணி தாண்டியே சூரியன் மறைகிறது. கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இறங்கிவிடுகிறது. சுவிட்ச் பெட்டியில் இருக்கும் டைமரைக் கோடையில் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோனால், கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஊர் இருட்டில் கிடக்கும். டியூஷன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் திரும்புவதும், கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்குவதும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான். டைமரின் உள்ளிருக்கும் பேட்டரி இறந்துவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அதன் கடிகாரம் பின்தங்கும். நண்பகலில் விளக்குகள் எரிவதைப் பார்த்து நாம் விரயம் என்று கோபப்படுகிறோமே, அந்தத் தெரு அன்று மாலையில் இருட்டாக இருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பதிந்துவிட்டால் அன்றன்றைய சூரிய அஸ்தமனத்தைத் தானே கணக்கிட்டு விளக்கைப் போடும் டைமர்கள் சந்தையில் கிடைக்கின்றன. புதிய பெட்டிகளுக்கான டெண்டரில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, தெருவிளக்கை நகர்ப்புற உள்ளாட்சிக்கு ஒப்படைக்கக்கூடிய பணிகளில் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, குடியிருப்புப் பகுதிகளின் பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு அமைப்பதைக் கிராம ஊராட்சியின் கடமையாக வைக்கிறது. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு தேசிய நெடுஞ்சாலைகளை அகலப்படுத்துவதற்கு வெளியிட்ட கையேடுகளோ, ஊர்ப்பகுதிகள், பேருந்து நிறுத்தங்கள், மேம்பாலங்கள், சுரங்கப்பாதைகள், சுங்கச்சாவடிகள் ஆகிய இடங்களில் வெளிச்சம் வேண்டும் என்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறி அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் பிறப்பித்த உத்தரவுகளில் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்பதும் ஒன்று. ஆகவே பொறுப்பு எழுதப்படாமல் இல்லை. பல கைகளில் பகுதி பகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் படிப்பவர் இல்லை.

இந்த அக்கறை மிகையானது என்று எவரேனும் நினைத்தால், ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்க்கலாம். அவ்வாண்டு நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஒரு நாளை மூன்று மணி நேரக் கூறுகளாகப் பிரித்தால் மாலை 6 முதல் 9 வரையிலான கூறில்தான் விபத்துகள் மிக அதிகம், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் போக்குவரத்தும் அதிகம் என்பதால் எல்லாப் பழியையும் விளக்கின் மேல் போட முடியாது. குடிபோதை, வேகம், ஹெல்மெட் இல்லாமை எல்லாமே காரணங்கள்தான். ஆனால் வெளிச்சம் குறையும்போது என்ன நடக்கிறது என்பதை எளிய கணக்கில் காணலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. டிம் செய்யப்பட்ட முகப்பு விளக்கில், இருண்ட நிறச் சேலை கட்டி நடக்கும் பெண் 30, 40 மீட்டர் தொலைவுக்குள் வந்த பிறகே ஓட்டுநரின் கண்ணில் படுவார். கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்றாலே 25 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். நிதானமாக ஓட்டும் நல்ல ஓட்டுநரும் அந்த இடத்தில் அவரைக் காப்பாற்ற முடியாது. மேலே ஒரு விளக்கு இருந்தால் நூறு மீட்டருக்கு முன்பே அவர் தெரிந்திருப்பார்.

செலவு குறித்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஊராட்சிகளுக்கு மின்கட்டணம் உண்மையான சுமை. ஆனால் சிக்கனம் என்ற பெயரில் ஒன்று விட்டு ஒன்றாக விளக்கை அணைக்கும் யோசனை எங்கெல்லாம் எழுகிறதோ அங்கெல்லாம் அதைக் கடுமையாக எதிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பொதுச் சாலை விளக்குகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1944, மிக முக்கியமான சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு), அடுத்த நிலைப் பெருஞ்சாலைகளுக்கு 15, கடைவீதி போன்ற இடைநிலைச் சாலைகளுக்கு 8, குறைந்த போக்குவரத்துள்ள தெருக்களுக்கு 4 லக்ஸ் என்று அளவு வகுத்ததோடு நிற்கவில்லை. பெருஞ்சாலையில் மிகக் குறைந்த வெளிச்சம் விழும் இடத்திலும் சராசரியில் பத்தில் நான்கு பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. காரணம் கண்ணின் இயல்பு. பளிச்சென்ற இடத்திலிருந்து இருண்ட இடத்துக்குள் நுழையும் ஓட்டுநரின் கண் பழகுவதற்குச் சில நொடிகள் பிடிக்கும், அந்தச் சில நொடிகளில் அவர் பார்வையற்றவரைப் போலத்தான் ஓட்டுகிறார். ஒன்று விட்டு ஒன்று அணைத்தால் சாலை முழுவதும் இதே சோதனையை மாறி மாறித் தருகிறோம். பணம் மிச்சப்பட வேண்டுமானால், டிம் செய்யக்கூடிய எல்.இ.டி. விளக்குகளை இரவு பதினொரு மணிக்கு மேல் எல்லாக் கம்பங்களிலும் ஒரே அளவில் குறைக்கலாம்; மாலை ஆறு முதல் பத்துவரை ஒரு விளக்கையும் தொடக்கூடாது.

ஒரு விளக்குக்கு ஆகும் மின்சாரம் எவ்வளவு என்பதையும் உறுப்பினர்கள் அறிந்து பேச வேண்டும். முன்பு 250 வாட் சோடியம் விளக்கு எரிந்த இடத்தில் இன்று 90 முதல் 120 வாட் எல்.இ.டி. போதுமானதாக இருக்கிறது. 90 வாட் விளக்கு பதினோரு மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். சாலையைக் கடக்கும் ஓர் இடத்தை இரவு முழுவதும் வெளிச்சத்தில் வைத்திருக்க ஒரு யூனிட் மின்சாரம்! இதை மிச்சப்படுத்தி எந்த உள்ளாட்சியும் செழிக்கப் போவதில்லை.

உயர்கோபுர மின்விளக்கின் மேல் நம் மக்கள் பிரதிநிதிகளுக்கு இருக்கும் ஆர்வத்தைப் பற்றியும் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். தொகுதி மேம்பாட்டு நிதியில் கோபுரம் அமைப்பதும், பெயர்ப் பலகை வைப்பதும், திறப்பு விழா நடத்துவதும் எளிது. அதன்பின் மாதந்தோறும் வரும் மின்கட்டணமும், விளக்குத் தொகுப்பைக் கீழே இறக்கும் கம்பிவடம் சிக்கிக்கொண்டால் ஆகும் செலவும் உள்ளாட்சியின் தலையில் விழும். பேருந்து நிலையம், சந்தைத் திடல், பெரிய சந்திப்பு ஆகிய பரந்த வெளிகளுக்கு அது பொருத்தமானதே. நான்கு பக்கமும் சாலை பிரியும் சிறிய முனையில் அது நடுவிடத்தைப் பகலாக்கிவிட்டு, ஐம்பது மீட்டர் தள்ளி மக்கள் உண்மையில் கடக்கும் இடத்தை முன்பைவிட இருட்டாகத் தோன்றச் செய்கிறது. அதே நிதியில் அந்த முனையிலிருந்து நான்கு திசையிலும் சாதாரணக் கம்ப விளக்குகள் வைத்தால் திறப்பு விழாப் படம் அவ்வளவு எடுப்பாக அமையாமல் போகலாம், நடப்பவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார்கள்.

எந்த இடத்துக்கு முதலில் வெளிச்சம் என்பதை வார்டுக்கு இத்தனை என்று பங்கு பிரித்து முடிவு செய்வதும் தவறு. ஊரின் இரவு வாழ்க்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த நோயாளிகளும் உடனிருப்போரும், ஊரின் மேடுபள்ளம் தெரியாதவர்கள், மருந்து வாங்கவும் சாப்பிடவும் இரவில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். வேலூர்–திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்நேரமும் ஆட்டோவும் ஆம்புலன்ஸும் திரும்புகின்றன. பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை; விடியுமுன்பே வண்டிகளில் ஏற்றியும் நடத்தியும் மாடுகள் வந்துசேரும், கறுத்த எருமை இருட்டில் எந்த ஓட்டுநருக்கும் தெரியாது. அம்முண்டி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பின்புறம் ஒளிரும் பட்டை இல்லாமலும் விளக்கு இல்லாமலும், சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகின்றன. இந்த நடமாட்டத்துக்கெல்லாம் கிழமையும் பருவமும் உண்டு, உள்ளூர்க் காவலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இது மனப்பாடம். விளக்கு வைக்கும் பட்டியல் தயாரிக்கிறவர்கள் அவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் போதும்.

பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், வடிகால் என்று சாலையைத் தோண்டும் வேலைகளில் வெளிச்சம் இரட்டிப்பாக வேண்டும். 2022-இல் வேலூரில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனத்தை நகர்த்தாமலேயே அதன் சக்கரங்களைச் சுற்றிச் சிமென்ட் சாலை போடப்பட்டதை நாடே பார்த்தது. மேற்பார்வையாளர் அருகில் நின்றிருந்தால் அது நடந்திருக்காது. பள்ளத்தைச் சுற்றி ஒளிரும் தடுப்பும் சிவப்பு விளக்கும் வைப்பதும் அதே மேற்பார்வையைச் சேர்ந்த வேலைதான். ஒப்பந்தத் தொகையில் அதற்கெனத் தனி இனம் இருக்க வேண்டும், இரவு ஆய்வில் அது இல்லையென்றால் அன்றைய பணிக்குப் பட்டியல் தொகை வழங்கக்கூடாது. வெள்ளைப் பட்டை அழிந்துபோன வேகத்தடைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விபத்துப் பகுதி என்று அரசு அறிவிப்பதற்கான அளவுகோலைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நேர்ந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அதன் பிறகே அந்த இடம் பட்டியலில் ஏறுகிறது. இரண்டு பேர் இறந்த, ஆனால் இருட்டாகவே இருக்கும் ஒரு கிராமத்து முனை எந்தப் பட்டியலிலும் வராது. இன்று காவல்துறையினர் விபத்து நடந்த இடத்திலிருந்தே ஐராட் செயலியில் அதன் இருப்பிடத்தோடு பதிவு செய்கிறார்கள். நேரமும் இடமும் அதில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் நேர்ந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, விளக்குக் கம்பங்களின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், பத்துப் பேர் சாகக் காத்திருக்காமலே எங்கே விளக்கு வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதற்கு முதலில் கம்பங்களின் வரைபடம் வேண்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் எண் எழுதி, அந்த எண்ணுக்கு எதிரே கம்பம் யாருடையது, விளக்கு யாருடையது, கட்டணம் கட்டுவது யார், பழுது பார்ப்பது யார் என்று எழுதிய ஒரே பதிவேட்டை மாநகராட்சி, மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி ஒன்றியம் ஆகிய எல்லோரும் சேர்ந்து தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்தப் பெயரும் எழுத முடியாத கம்பங்களும், கம்பமே இல்லாத முனைகளும் அப்போது தாமாகவே வெளியே வரும். அவற்றை மாவட்ட ஆட்சியர் தம் அதிகாரத்தில் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் பெயரில் எழுதி முடிக்கலாம்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டம் பகலில், ஆட்சியர் அலுவலகத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் நடப்பதோடு முடிந்துவிடாமல், அதன் உறுப்பினர்கள் இரவு ஏழு மணிக்கு ஒரே வண்டியில் புறப்பட்டுப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தின் வாசலிலேயே நெடுஞ்சாலை ஓடுகிறது, அங்கிருந்தே தொடங்கலாம். இறங்கி நடந்து பார்க்க வேண்டும், வண்டிக்குள் இருந்தபடி அதன் முகப்பு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாச் சாலையும் நன்றாகவே தெரியும். ஊராட்சிகளில் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. நகரத்தில் பகுதி சபைகள் இருக்கின்றன. எரியாத விளக்குகளின் எண்ணிக்கையை மட்டும் அங்கே கேட்காமல், இருட்டில் நாங்கள் சாலையைக் கடக்கும் இடங்கள் இவை என்று பெயர் சொல்லித் தீர்மானம் எழுத வேண்டும் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். காலணித் தொழிற்சாலைப் பெண்கள் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் கூட்டத்துக்கு வர முடியாது என்பதால், அவர்கள் இறங்கும் இடங்களை வேறு யாராவது கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும்.

கார்த்திகை பிறக்க அதிக நாள் இல்லை. மழையும் சேர்ந்துகொள்ளும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஆட்சியர்கள் மூவரும் அதற்கு முன்பாக ஒரே மாலையில், வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடிவரை கம்பெனி பஸ்கள் நிற்கும் முனைகளை மட்டுமாவது தத்தம் பகுதியில் ஆய்வு செய்து, எந்த முனைக்கு எந்த அலுவலகம் எந்தத் தேதிக்குள் விளக்குப் போடும் என்ற பட்டியலைத் தங்கள் நாளிதழ் வழியாகவே வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அத்தேதிகள் கடந்த பிறகு அந்த முனைகளுக்குத் தங்கள் நிருபர்கள் ஒருமுறை போய்வந்து, கண்டதை எழுத வேண்டும் என்றும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பாதை ஆய்வாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.